ரெஜினாவின் ஓட்டு

செப்டம்பர் 3, புதன்

இன்று காலை பி.பி. நேற்றைவிடக் கூடுதல். பதினெட்டு வருஷம் நர்ஸாக அடுத்தவர் கையில் பட்டை சுற்றிப் பார்த்தவள், இப்போது என் கையில் நானே சுற்றிக்கொள்கிறேன். முதலமைச்சருக்கென்று ஒரு டாக்டரைப் போட்டிருக்கிறார்கள். என் கையைத் தொடுவதற்கு முன்னால் அவர் அனுமதி கேட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி அனுமதி கேட்கிறார். வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தலைமைச் செயலக வாசலில் ஒப்பந்த நர்ஸுகள் ரோட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். பணி நிரந்தரம் வேண்டுமாம். தேர்தலில் நான் கொடுத்த வாக்குதான், இல்லையென்று சொல்லவில்லை. கொடுத்தபோது கஜானா சாவி என்னிடம் இல்லை. இப்போது இருக்கிறது, உள்ளே எவ்வளவு காலி என்பதும் தெரிகிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். போன வருஷமும் அதையே சொன்னேனாம்.

அவர்கள் கட்டியிருக்கும் பேனரில் என் படம். நானும் என்னோடு நர்ஸாக இருந்த ரெஜினாவும் பெரியாஸ்பத்திரி வாசலில் ரோட்டில் படுத்திருக்கிற பழைய படம். ஒரு போலீஸ்காரர் என் காலைப் பிடித்து இழுக்கிறார். ரெஜினா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். அந்தப் போராட்டத்தைப் பார்த்துத்தான் கட்சித் தலைவர் என்னைக் கூப்பிட்டு சீட்டு கொடுத்தார். அடுத்த தேர்தலில் ரெஜினாவுக்கும் சீட்டு வாங்கிக் கொடுத்தது நான். முதலமைச்சர் ஆனதும் அவளைச் சபாநாயகர் ஆக்கினதும் நான்தான்.

என்னைக் கேட்காமல் என் படத்தை எனக்கு எதிராகக் கட்டுவது என்ன நியாயம் என்று ரெஜினாவிடம் போனில் கேட்டேன். "படத்துல நீ நல்லா இருக்கடி. ஒல்லியா இருக்க" என்றாள். சிரித்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

நர்ஸுகள் சார்பில் பேச மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்த பெண் பெயர் வினோதினி. குழந்தைகள் வார்டு. கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள்.

"அம்மா, நீங்க அடுத்த வருஷம்னு சொல்றீங்க. அடுத்த வருஷம் எனக்கு வயசு வரம்பு தாண்டிடும். அப்புறம் நிரந்தரம்னு ஆர்டர் வந்தாலும் எனக்கு வராது."

வயது வரம்பைத் தளர்த்தலாம் என்றேன். எழுதித் தரச் சொன்னாள். எழுதித் தர என்ன இருக்கிறது, நான் சொன்னால் போதாதா என்று கேட்டேன். அவள் மேஜையைப் பார்த்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை புது மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்ட டெல்லியிலிருந்து அமைச்சர் வருகிறார். இரண்டு வருஷம் அலைந்து வாங்கின கல்லூரி. அவர் கார் போகவேண்டிய வழியில்தான் இந்தப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பொதுப்பணி அமைச்சர் மணவாளன் அண்ணன், "மார்க்கெட் ரோடு வழியா கூட்டிட்டுப் போயிடலாம் தங்கச்சி. கொஞ்சம் சுத்து, அவ்வளவுதான்" என்றார். டெல்லிக்காரரை மீன் மார்க்கெட் வழியாக அழைத்துப் போனால் மறுநாள் பேப்பரில் என்ன எழுதுவார்கள் என்று அண்ணனுக்குத் தெரியும். என் நாற்காலியில் முதலில் உட்கார வேண்டியவர் அவர்தான். அதை அவர் மறந்திருப்பார் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

மத்தியானம் ரெஜினா சாப்பிட வந்தாள். வாரம் முழுக்க அவளை "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று கூப்பிட்டுவிட்டு, ஞாயிறு ஒரு நாள் வாடி போடி என்று பேசினால்தான் எனக்கு வாய் அரிப்பு தீரும். வீட்டுக்காரர் வஞ்சிரம் வறுத்திருந்தார். மின்வாரியத்தில் கம்பம் ஏறின மனிதர், ஓய்வு பெற்ற பிறகு அடுப்படியை விட்டு நகர்வதில்லை. சமையலுக்கு அரசாங்கம் ஆள் போட்டிருக்கிறது. அந்த ஆள் வெங்காயம் உரித்துக் கொடுப்பதோடு சரி.

நன்றாகச் சாப்பிட்டோம். பழைய மேட்ரனைப் போல நடித்துக் காட்டினாள் ரெஜினா. புரையேறும்வரை சிரித்தேன்.

போலீஸ் எஸ்.எஸ்.பி. விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் எடுத்துப் பேசினேன். ரோடு விஷயம்தான். பேசிவிட்டுத் திரும்பினால், கை கழுவப் போன ரெஜினா ஈரக் கையோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி சொன்ன அவர்கிட்ட?"

"பக்குவமா பேசி அனுப்பச் சொன்னேன்."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பாயசம் வேண்டாம் என்று கிளம்பிவிட்டாள். சுகர் ஏறியிருக்கும்போல.

செப்டம்பர் 8, திங்கள்

விழா பிரமாதம். டெல்லி அமைச்சர் என் கையைப் பிடித்து, ஒரு நர்ஸ் மருத்துவக் கல்லூரி கட்டுவது நாட்டுக்கே பெருமை என்றார். கூட்டம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரெஜினா மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள், தட்டவில்லை. தலைவலி என்றாள்.

விடியற்காலையில் ரோட்டில் தள்ளுமுள்ளு ஆகியிருக்கிறது. சிலருக்கு அடி. விவரம் கேட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வீடியோ எல்லா சேனலிலும் ஓடுகிறது. இன்னும் வெளுக்காத வானம். பெண்கள் படுத்தபடியே இருக்கிறார்கள். லத்தி இறங்குகிறது. ஒருத்தியைக் கையைப் பிடித்து வேனுக்கு இழுக்கிறார்கள், தோள் மடங்கிக் கத்துகிறாள். வினோதினி. காறை எலும்பு முறிந்திருக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. எக்ஸ்ரேயிலும் அதுதான் வந்தது. அந்தக் கையை அப்படித் தூக்கவே கூடாது. மார்போடு சேர்த்துப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். போலீசுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது.

எஸ்.எஸ்.பி. அறிக்கை தந்தார். ஸ்பாட்டில் இருந்த இன்ஸ்பெக்டர் தேன்மொழி அத்துமீறி நடந்துகொண்டாராம். சஸ்பெண்ட் செய்யப் பரிந்துரை. ஒப்புதல் கொடுத்தேன். தேன்மொழியை எனக்குத் தெரியும். போன மழையில் வெள்ளம் பார்க்கப் போனபோது என் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த பெண். நல்ல பெண்தான். யார் பேரிலாவது நடவடிக்கை எடுக்காவிட்டால் ஊர் அடங்காது என்று எல்லாரும் சொன்னார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

ரெஜினா போன் செய்தாள். வினோதினியைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் கேமராவோடு நிற்கிறார்கள், கொஞ்சம் அடங்கட்டும் என்றேன்.

"நான் பின்பக்கமா, பிரசவ வார்டு வழியாப் போனேன். அந்த வழி உனக்கும் தெரியும்" என்றாள்.

செப்டம்பர் 15, திங்கள்

சட்டமன்றம் கூடியது. எதிர்க்கட்சித் தலைவர் ஒரு மணி நேரம் நீலிக்கண்ணீர் வடித்தார். அவர் ஆட்சியில் ஆஷா சுகாதாரப் பணிப் பெண்களை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாதா. கடைசியில் ஒரே கேள்வி கேட்டார். "நர்ஸுகளை அப்புறப்படுத்தச் சொல்லி முதலமைச்சர் உத்தரவு கொடுத்தாரா, இல்லையா?"

எழுந்தேன். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, காவல்துறைக்கு நான் எந்த உத்தரவும் கொடுக்கவில்லை. களத்தில் இருந்த ஒரு அதிகாரியின் தன்னிச்சையான செயல் அது. அவர் பேரில் நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது."

எங்கள் ஆட்கள் மேஜையைத் தட்டினார்கள். அடுத்த பொருளுக்குப் போக வேண்டியதுதானே. ரெஜினா மேலே உட்கார்ந்து என்னையே பார்த்தாள். அவைச் செயலர் எட்டி ஏதோ சொன்ன பிறகுதான் மணியடித்தாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ரெஜினா தன் அறைக்குக் கூப்பிட்டாள். முதலமைச்சரைச் சபாநாயகர் கூப்பிடுவது முறைதான், இருந்தாலும் போன மாதம்வரை அவள்தான் என் அறைக்கு வருவாள். காபி வைத்திருந்தாள்.

"அஞ்சலை, நேத்து சபையில சொன்னதைத் திருத்திக்கோ. தன்னிலை விளக்கம்னு கேளு, நான் நேரம் தர்றேன். என் வார்த்தையைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு சொல்லு, போதும். அந்த தேன்மொழி மேல போட்டதை எடுத்துடு."

"இப்ப எடுத்தா என்ன அர்த்தம் ஆகும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்குற?"

"தேன்மொழி வீட்டுக்காரர் டயாலிசிஸ்ல இருக்காரு. அவ டிபார்ட்மென்ட் கார்டுலதான் வைத்தியம் ஓடுது. டிஸ்மிஸ் ஆனா அதுவும் போச்சு."

டிஸ்மிஸ் ஆகாது, மூன்று மாதத்தில் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதையும் எழுதித் தரச் சொல்வாளோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தால் விதி, மரபு என்று எல்லாருக்கும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. சபாநாயகர் ஆனவுடன் கட்சி உறுப்பினர் பதவியைக்கூட ராஜினாமா செய்தவள் இவள். சட்டம் அனுமதிக்கிறது, நடுநிலையாக இருக்க வேண்டும் என்றாள். யாரும் செய்யாததை இவள் செய்தாள். போகட்டும் என்று விட்டேன்.

காபியில் சர்க்கரை போட மறந்திருந்தாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

சுயேச்சைகள் இரண்டு பேரும் ஆளுநரிடம் போய் ஆதரவு வாபஸ் என்று கொடுத்துவிட்டார்கள். நர்ஸுகளுக்காக மனம் பொறுக்கவில்லையாம். எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்துவிட்டது. வியாழக்கிழமை ஓட்டெடுப்பு.

சபையில் முப்பத்தொரு பேர். எங்கள் ஆட்கள் ரெஜினாவோடு சேர்த்துப் பதினாறு. எதிர்க்கட்சி பதிமூன்று, போன இரண்டு பேரைச் சேர்த்தால் பதினைந்து. ரெஜினா நாற்காலியில் இருப்பதால் முதலில் ஓட்டுப் போட மாட்டாள். ஆக, பதினைந்துக்குப் பதினைந்து. சமமாக வந்தால் சபாநாயகர் ஓட்டுதான் முடிவு.

சட்டத்துறைச் செயலர் ரொம்பக் கவலையாக வந்தார். மரபுப்படி சபாநாயகர் இருக்கிற அரசைக் கவிழ்க்கிற பக்கம் ஓட்டுப் போடுவதில்லை என்று பழைய உதாரணங்களைப் படித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு மரபு, எனக்கு ரெஜினா என்றேன்.

எனக்குக் கவலையெல்லாம் மணவாளன் அண்ணன்தான். எங்கள் பதினைந்தில் ஒன்று குறைந்தால் ரெஜினாவுக்கு வேலையே இல்லை.

செப்டம்பர் 20, சனி

கால் வீங்கியிருக்கிறது. வீட்டுக்காரர் உப்பில்லாமல் சமைத்தார். சண்டை போட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

மணவாளன் அண்ணன் வீட்டுக்கே வந்தார். மந்திரி பதவி போதாது, துணை முதல்வர் வேண்டும் என்பார் என்று தயாராக இருந்தேன். அவர் டீயைக் குடித்துவிட்டு, "ஸ்பீக்கர்கிட்ட பேசினியா தங்கச்சி?" என்றார்.

"எதுக்கு?"

"ஒரு மாதிரியா இருக்காங்க. நேத்து கோயில்ல பார்த்தேன். வழக்கமா நின்னு பேசுவாங்க. வணக்கம் மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்க உன்கிட்ட ஏதாவது கேட்டிருந்தா செஞ்சு கொடுத்துடு."

"ரெஜினா மாதா கோயிலுக்குப் போறவ. நீங்க எந்தக் கோயில்ல பார்த்தீங்க?"

"மாதா கோயில்லதான். கொடியேத்தத்துக்குக் கூப்பிட்டிருந்தாங்க" என்றார்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆப்பு வைக்கப் பார்க்கிறார் என்று உடனே புரிந்தது. "அண்ணே, நானும் அவளும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவங்க. நீங்க உங்க ஓட்டைப் பத்திச் சொல்லுங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "என் ஓட்டு உனக்குத்தான். அதைக் கேக்கவே கேக்காத" என்று எழுந்து போனார். நடிப்பு அபாரம்.

செப்டம்பர் 24, புதன்

ரெஜினா போன் செய்தாள். குரல் கட்டியிருந்தது.

"நாளைக்கு விவாதம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உனக்கு நேரம் வெச்சிருக்கேன். பேர் கூப்பிடுவேன். எழுந்து சொல்லிடு."

"அதைச் சொன்னா எதிர்க்கட்சி என்னைக் கிழிச்சுடும்டி."

"கிழிக்கட்டும். சொன்னதுக்கு அப்புறம் உன் கூட நான் நிப்பேன்."

"சொல்லலைன்னா?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"நான் அங்க நின்னுட்டு இருந்தேன் அஞ்சலை. கை கழுவிட்டு வந்து, அங்கதான் நின்னுட்டு இருந்தேன்" என்றாள்.

நாளை பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். அவளுக்கு உடம்பு சரியில்லை. ஓட்டெடுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் எங்காவது இரண்டு நாள் போய்வர வேண்டும். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

எழுதித்தான் ஆகவேண்டும். வார்டில் எந்தக் கேஸ் எப்படிப் போனாலும் ட்யூட்டி முடிவதற்குள் எழுதிவிட்டுத்தான் கிளம்புவேன்.

மாம்பழக் கலர் பட்டு கட்டிக்கொண்டு போனேன். விவாதத்துக்கு முன்னால் ரெஜினா என் பெயரைச் சொல்லி, "மாண்புமிகு முதலமைச்சர் தன்னிலை விளக்கம் எதுவும் அளிக்க விரும்புகிறாரா?" என்று கேட்டாள். நான் உட்கார்ந்தபடியே தலையை அசைத்தேன். மறுபடி கேட்டாள். எதிர்க்கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இல்லை" என்றேன்.

விவாதம் மத்தியானம்வரை நடந்தது. எங்கள் பக்கத்திலிருந்து நன்றாகப் பேசினவர் மணவாளன் அண்ணன். நான் கட்டின பிரசவ விடுதிகளை ஊர் ஊராகச் சொன்னார். பேர் தெரியாத ஊர்களைக்கூட மறக்கவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எழுந்து நின்று எண்ணினார்கள். பதினைந்து, பதினைந்து. அண்ணன் என் பக்கம்தான் நின்றார்.

ரெஜினா எழுந்தாள். சபாநாயகர் ஓட்டை உட்கார்ந்தே சொல்லலாம். அவள் எழுந்து நின்றாள். நான் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தேன். எல்லா கேமராவிலும் அந்தச் சிரிப்பு பதிவாகியிருக்கும். இனி எத்தனை வருஷம் போட்டுக் காட்டுவார்களோ.

"இந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக என் வாக்கை அளிக்கிறேன்" என்றாள்.

காரணமும் சொன்னாள். அதை நான் எழுதப்போவதில்லை. நாளைக்கு எல்லாப் பேப்பரிலும் வரும்.

எதிர்ப்பக்கம் மேஜை தட்டுகிற சத்தம். எங்கள் பக்கத்தில் யாரோ அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவள் மைக்கை அணைக்கவில்லை, அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லவுமில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். நான் அவளைத் திட்டுகிறவனைத் தடுக்க வாயெடுத்தேன். பழக்கம். அப்புறம்தான் எனக்கு என்ன நடந்திருக்கிறது என்பதே உறைத்தது.

ராஜினாமா கொடுக்கும்போது ஆளுநர் டீ சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

புது முதலமைச்சர் பதவியேற்றார். அவளுக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று பேப்பரில் பெயர் பெயராகத் தேடினேன். நல்வாழ்வுத் துறை என்று நினைத்தேன். இல்லை. வாரியத் தலைவர் பட்டியலிலும் இல்லை. மத்தியானம் மணவாளன் அண்ணன் போன் செய்து சொன்னார். சபாநாயகர் பதவியையும், எம்.எல்.ஏ. பதவியையும் சேர்த்தே ராஜினாமா செய்துவிட்டாளாம். பழைய வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

விலைக்குப் போயிருப்பாள் என்று மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தூக்கம் வந்தது அதனால்தான். இன்று அதுவும் போயிற்று.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்து, அவருடைய மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

அக்டோபர் 4, சனி

அரசு வீட்டைக் காலி செய்தோம். பொதுப்பணித் துறை ஆள் வந்து சாமான்களைச் சரிபார்த்தார். வீட்டுக்காரர் ஆசையாக வஞ்சிரம் வறுக்கும் இரும்புச் சட்டி அரசாங்கத்துடையதாம். அவர் கழுவித் துடைத்துக் கொடுத்தார். வண்டியில் ஏறின பிறகு, "நல்லாப் பழகின சட்டி" என்றார்.

சொந்த வீட்டில் தெருக்குழாய்ச் சண்டை காலையிலேயே கேட்கிறது. இரண்டு வருஷமாக இந்தச் சத்தம் கேட்காமல் எப்படி இருந்தேன் என்று தெரியவில்லை.

நர்ஸுகள் விஷயத்தைப் பரிசீலிக்கக் குழு போட்டிருக்கிறது புது அரசு. குழு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வினோதினி கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி மறுபடி ரோட்டில் உட்கார்ந்திருப்பதை டிவியில் காட்டினார்கள். பக்கத்தில் ரெஜினா, குடை பிடித்துக்கொண்டு. டிவியை அணைத்தேன். வீட்டுக்காரர் மறுபடி போட்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்

தேன்மொழி மேல் துறை விசாரணை வெள்ளிக்கிழமை. எனக்கும் சம்மன் வந்திருக்கிறது.

சாயங்காலம் கதவைத் தட்டுகிற சத்தம். ரெஜினா. வீட்டுக்காரர்தான் திறந்தார். "வா தங்கச்சி" என்று எப்போதும்போல உள்ளே கூப்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் அடுப்படிக்குள் போய்விட்டார். உட்காரச் சொல்லவில்லை நான். அவளும் உட்காரவில்லை. மெலிந்திருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை நான் சாட்சி சொல்லப் போறேன். எனக்கு யாரும் சம்மன் அனுப்பலை. நானாத்தான் கேட்டேன். உன்கிட்ட முதல்ல சொல்லிடணும்னு வந்தேன்."

"ஒரு தடவை முதுகுல குத்தினது போதலையா?"

"முதுகுல குத்தலை. முன்னாடியே மூணு தடவை சொல்லிட்டுத்தான் செஞ்சேன்."

"நாலு பெண்களோட எலும்புக்காக ஒரு ஆட்சியையே கவிழ்த்தியே. அந்தக் காலேஜ் இனிமே வருமா? அதுல படிக்க வேண்டிய பிள்ளைங்களை யார் நினைப்பா?"

"எனக்கும் அதுதான் உறுத்துது" என்றாள். "தினமும் உறுத்துது. ஆனா நீ சபையில என்னைப் பார்த்துச் சொன்ன பாரு. மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களேன்னு சொல்லிட்டு அந்தப் பொய்யைச் சொன்ன. எதிர்க்கட்சிக்குச் சொல்லலை. எனக்குச் சொன்ன. நான் பேசமாட்டேன்னு உனக்கு அவ்வளவு உறுதி."

"நீ பேசமாட்டன்னு நம்பினது தப்பா?"

"நம்பிக்கை வேற அஞ்சலை. நீ என்னைச் சேர்த்து எண்ணிக்கிட்ட."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். துரோகி என்றேன். சீட்டு வாங்கிக் கொடுத்ததைச் சொன்னேன், நாற்காலி கொடுத்ததைச் சொன்னேன், அவள் மகள் கல்யாணத்துக்கு நான் நின்றதைக்கூடச் சொல்லிக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். "ஆமா, துரோகம்தான். உனக்குப் பண்ணினேன். அதை இல்லைன்னு நான் எங்கயும் சொல்ல மாட்டேன்" என்றாள். சண்டை போட வந்திருந்தால் பரவாயில்லை.

போகும்போது, "நீயே சொல்லிட்டா நான் அங்க வாயைத் திறக்க வேண்டியிருக்காது" என்றாள்.

வீட்டுக்காரர் தோசை சுட்டு வைத்திருந்தார், மூன்று பேருக்கு.

அக்டோபர் 16, வியாழன்

சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார். "அன்னைக்கு போன்ல நீ என்ன சொன்ன? நானும் அடுப்படியிலதான இருந்தேன். எனக்குச் சரியாக் காதுல விழலை."

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். கம்பத்து மேலிருந்து கீழே பேசுவதைக் கேட்டுப் பழகின காது.

சாம்பார் ஊற்றச் சொன்னேன்.

அக்டோபர் 17, வெள்ளி

விசாரணை பழைய கோர்ட்டு கட்டடத்தில். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஒரு டைப்பிஸ்ட், ஒரு ஃபேன். வராந்தாவில் தேன்மொழி சீருடை இல்லாமல் காட்டன் புடவையில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் உடம்பு தானாக விறைத்து, கை நெற்றிவரை போய், பாதியில் நின்றது. அதைக் கும்பிடாக மாற்றி, "வணக்கம்மா" என்றாள். "உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். "வாரத்துக்கு மூணு தரம் போறோம்மா. இப்ப கையிலேர்ந்துதான் கட்டுறோம்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் உள்ளே போவது சுலபமாக இருந்திருக்கும்.

எஸ்.எஸ்.பி.க்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. எழுத்தில் பதில் அனுப்பியிருந்தார். மேலிடத்து உத்தரவு எதுவும் தனக்கு வரவில்லையாம்.

என்னைக் கூப்பிட்டார்கள். ரெஜினா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீதிபதி மரியாதையாகக் கேட்டார். "செப்டம்பர் ஏழாம் தேதி மதியம், முதுநிலைக் காவல் கண்காணிப்பாளரிடம் தொலைபேசியில் நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

நான் சொல்லத்தான் போனேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். கடவுள் சாட்சி. வாயைத் திறந்தபோது ரெஜினாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. ரொம்ப நாளுக்கு முன்னால், நான் ஊசி போடக் கற்றுக்கொண்டபோது, முதல் ஊசியை அவள் கையில்தான் போட்டேன். அப்போது அவள் பார்த்த பார்வை. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ கெட்டியாகிவிட்டது. இவள் என் ஆட்சியைக் கவிழ்த்தவள். இவள் நினைத்தபடி நான் நடக்க வேண்டுமா?

"நினைவில்லை" என்றேன்.

டைப்பிஸ்ட் அடித்தாள். ஒரே வார்த்தைதான், சீக்கிரம் முடிந்துவிட்டது.

அடுத்து ரெஜினா. எழுந்து போய் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். நான் பேசுகிற மாதிரியே, என் சொற்களை ஒன்று விடாமல் சொன்னாள். "பேச்செல்லாம் போதும். அடிச்சாலும் சரி, தூக்கிப் போட்டாலும் சரி, விடியறதுக்குள்ள ரோடு காலியா இருக்கணும். அப்புறம் நான் பார்த்துக்கிறேன்." என்னை இவ்வளவு நன்றாக நடித்துக் காட்டக்கூடியவள் அவள் ஒருத்திதான். யாரும் சிரிக்கவில்லை.

நீதிபதி அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டார். தேன்மொழியை வேலையில் சேர்க்கப் பரிந்துரைக்கிறாராம். என்னைப் பற்றி என்ன எழுதப்போகிறார் என்பதைப் பிறகு தெரிந்துகொள்வேன். வராந்தாவில் தேன்மொழி ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கடந்து போனேன். ரெஜினா திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் இருக்கிற இடத்தில் அவள் என்னைப் பார்க்காமல் நின்றது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரர் வாசலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. வழியில் மார்க்கெட்டில் நிறுத்தி மீன் பார்த்தார், வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். இன்று நடந்ததை எல்லாம் ஒருத்தரிடம் சொல்லித் தீர்க்க வேண்டும்போல இருக்கிறது. அந்தச் சின்ன அறை, தேன்மொழியின் பாதியில் நின்ற சல்யூட், எனக்கு என்ன அநியாயம் நடந்தது, எல்லாவற்றையும். இதையெல்லாம் கேட்க எனக்கு ஒரு ஆள்தான் எப்போதும் இருந்திருக்கிறாள்.

போனை எடுத்தேன். அவள் பெயர் மேலேயே இருந்தது. கூப்பிட்டால் எடுத்துவிடுவாள். அதனால்தான் கூப்பிடவில்லை.